கொல்லாமை ஏன் துறவறவியலில் இருக்கிறது? சமண அறமும் ஒரு வகுப்பறைக் கேள்வியும்



சென்ற ஆண்டு உயர்நிலை மூன்று மாணவர்களுக்கு ‘நான் போற்றும் தலைவர்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஏழெட்டுத் தாள்களில் காந்தியடிகள் வந்திருந்தார். அவற்றுள் மூன்று தாள்களில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்: அகிம்சையைக் கண்டுபிடித்தவர் காந்தி. சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். மறுநாள் வகுப்பில், “காந்திக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சமணர்கள் இதைச் சொல்லிட்டாங்க. எறும்பு, புழு, பூச்சி எதையும் கொல்லக் கூடாதுங்கிறது அவங்க கொள்கை” என்று விளக்கத் தொடங்கினேன்.

பின்வரிசையில் ஒரு மாணவர் கையைத் தூக்கினார். “அப்ப கொசுவையும் கொல்லக் கூடாதா டீச்சர்?”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய தங்கை அதற்கு முந்தைய மாதம்தான் டெங்கிக் காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பியிருந்தாள். அவர் அம்மா தினமும் பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வீடு முழுக்கக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா செய்றது தப்பா?” என்பதுதான் அவர் உண்மையில் கேட்ட கேள்வி.

“அது வேற, இது வேற” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், சமணக் காப்பியங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும் என நம்புகிறேன்.

காந்திக்கு யார் சொன்னார்கள்?

காந்தியிலிருந்தே தொடங்குவோம். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் லேனில் மகாத்மா காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. 1950-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட கட்டடம். தேக்காவுக்குப் போகும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காந்தி பிறந்தது வைணவக் குடும்பத்தில். ஆனால் குஜராத்தில் சமணர்களின் செல்வாக்கு அதிகம். 1888-இல் அவர் இங்கிலாந்துக்குப் படிக்கப் புறப்பட்டபோது, மது, மாமிசம், மாது ஆகிய மூன்றையும் தொடமாட்டேன் என்று தாய் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தார், இல்லையா? அந்த உறுதிமொழியைச் செய்து வைத்தவர் பேச்சர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. 1891-இல் பம்பாய் திரும்பியதும் காந்தி சந்தித்தவர் ராய்சந்த்பாய். அவர் வைரமும் முத்தும் விற்ற சமண வணிகர். ஆனால் மனத்தளவில் துறவி. தம்மைப் பெரிதும் பாதித்தவர்கள் என்று காந்தி தம் சுயசரிதையில் சொல்லும் மூவருள் இவர் ஒருவர். மற்ற இருவர் டால்ஸ்டாயும் ரஸ்கினும்.

ஆக, காந்தி அகிம்சையைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஓர் அறத்தை அரசியலுக்குக் கொண்டுவந்தார். கட்டுரையில் இப்படி எழுதினால் சரியாக இருக்கும்.

மகாவீரரும் ஐந்து நோன்புகளும்

சமண மரபில் தீர்த்தங்கரர்கள் 24 பேர். முதல்வர் ரிஷபர் என்ற ஆதிநாதர். 23ஆவது பார்சுவநாதர். 24ஆவது மகாவீரர். மகாவீரரின் காலம் கி.மு. 599 முதல் 527 வரை என்பது மரபுவழிக் கணக்கு. ஆய்வாளர்கள் பலர் இதைவிடச் சற்றுப் பிந்திய காலத்தைச் சொல்கிறார்கள். இன்றைய பீகாரில் வைசாலிக்கு அருகே அரச குடும்பத்தில் பிறந்து, 30 வயதில் எல்லாவற்றையும் துறந்தார். 12 ஆண்டுக்கும் மேலான கடுந்தவத்துக்குப் பின் முழுதறிவு பெற்று, 72 வயதில் பாவா என்னும் ஊரில் வீடுபேறு அடைந்தார் என்கிறது மரபு.

சமணத் துறவிகளின் பெருநோன்புகள் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிரமசரியம், பற்றின்மை. ஐந்தாவதை அபரிக்கிரகம் என்பார்கள். ‘எனது’ என்று எதையும் சேர்த்து வைக்காமல் இருப்பது.

இந்தப் பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால் முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் நிற்பார்கள். தொடர்பு இதுதான். நாம் பிற உயிரைத் துன்புறுத்துவது பெரும்பாலும் வெறுப்பினால் அன்று. நமக்கு ஏதோ வேண்டும் என்பதால். நாவுக்குச் சுவை வேண்டும், உடலுக்குப் பட்டு வேண்டும், பக்கத்து நிலமும் வேண்டும். தேவை கூடக் கூட, அதற்காக எங்கோ ஓர் உயிர் நசுங்குகிறது. தன் தேவையைச் சுருக்காதவன் பிற உயிரின் துன்பத்தைச் சுருக்க முடியாது. அதனால்தான் சமணத்தில் கொல்லாமையின் மறுபக்கமாகவே துறவு நிற்கிறது.

இப்போது திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். 33ஆம் அதிகாரம் கொல்லாமை. இரண்டுமே இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கின்றன. கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, துறவு, அவா அறுத்தல் எல்லாம் அதே வரிசையில்தான். திருவள்ளுவரின் சமயம் எது என்பது முடிவாகாத விவாதம். அதற்குள் நாம் போக வேண்டாம். ஆனால் கொல்லாமையும் துறவும் ஒரே இயலில் சேர்ந்து வருவதன் பொருளைப் புரிந்துகொள்ளச் சமணத்தின் ஐந்து நோன்புகள் நமக்கு நன்றாக உதவுகின்றன.

உயிர்களை எண்ணிய முறை

சமணர்கள் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகைப்படுத்தினார்கள். தொடுவுணர்வு மட்டும் உள்ளவை ஓரறிவு உயிர்கள். செடிகொடிகள் இதில் அடங்கும். மண், நீர், தீ, காற்று ஆகியவற்றிலும் இத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு என்பது அவர்கள் கொள்கை. சுவையும் சேர்ந்தால் ஈரறிவு: புழு, சிப்பி. மணமும் சேர்ந்தால் மூவறிவு: எறும்பு. பார்வையும் சேர்ந்தால் நாலறிவு: ஈ, தேனீ, நம்ம மாணவர் கேட்ட கொசு. செவியும் சேர்ந்தால் ஐயறிவு: விலங்குகள், மனிதர்கள்.

எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதா? தொல்காப்பிய மரபியலில் வரும் ஓரறிவு முதல் ஆறறிவு வரையான பகுப்புத்தான் நினைவுக்கு வரும். தொடுதல், சுவை, மணம், பார்வை, கேட்டல் என்ற வரிசைகூட அதே வரிசை. தொல்காப்பியர் மனத்தை ஆறாவதாகச் சேர்த்து மக்களைத் தனியே வைக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொன்னால் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும்.

இந்த வகைப்பாட்டினால் ஒரு பயன் உண்டு. எல்லா உயிரும் உயிரே. ஆனால் புலன் கூடக் கூட உணரும் துன்பமும் கூடும். ஒரு செடியைப் பறிப்பதும் ஒரு மாட்டைக் கொல்வதும் ஒன்றல்ல. சாப்பிடாமல் வாழ முடியாத மனிதன் எங்கே கோடு போடுவது என்பதற்குச் சமணம் தந்த கணக்கு இது.

சரி, கொசுவைக் கொல்லலாமா?

இங்கேதான் நான் வகுப்பில் சறுக்கினேன். சமணம் எல்லாருக்கும் ஒரே அளவுகோலை வைக்கவில்லை. துறவிக்குப் பெருநோன்பு, இல்லறத்தாருக்கு அதே ஐந்தும் சிறுநோன்பாக, அதாவது அணுவிரதமாக வரும். துறவி நடக்கும்போது முன்னே நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும், உட்காரும் இடத்தை மயிற்பீலியால் மெல்ல விலக்கிவிட்டு உட்கார வேண்டும். இல்லறத்தாரிடம் அந்த அளவு எதிர்பார்க்கப்படவில்லை. தமிழில் அருங்கலச்செப்பு என்ற சமண நூல் இல்லறத்தாரின் ஒழுக்கத்தைத்தான் பேசுகிறது.

இல்லறத்தாருக்கு நேரும் கொலையைச் சமண அறநூலார் நான்காகப் பிரித்தார்கள்.

ஒன்று, கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்வது. வேட்டை, பலி, சுவைக்காகக் கொல்லுதல் போன்றவை.
இரண்டு, சமைத்தல், பெருக்குதல், துவைத்தல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது.
மூன்று, உழவு முதலிய தொழில்களில் நேர்வது.
நான்கு, தன்னையும் தன்னைச் சார்ந்தவரையும் காக்கும்போது நேர்வது.

இவற்றுள் முதலாவதை இல்லறத்தார் முழுமையாக விட்டுவிட வேண்டும். மற்ற மூன்றையும் முழுக்கத் தவிர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, கவனத்தால் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ‘கவனம்’ என்பது இங்கே முக்கியமான சொல். சமணர்கள் எல்லாப் பிரிவினரும் ஏற்கும் தத்துவார்த்த சூத்திரம், கவனமின்மையால் உயிருக்கு நேரும் ஊறுதான் இம்சை என்று வரையறுக்கிறது.

ஆகவே, அந்த மாணவருக்கு என் பதில்: “தம்பி, உங்க அம்மா செய்தது நாலாவது வகை. பிள்ளையைக் காப்பாத்துறதுக்காகச் செய்தது. கொசுவைக் கொல்றது நல்ல காரியம்னு சமணம் சொல்லாது. அதுவும் ஓர் உயிர்தான்னு நினைவுபடுத்தும். ஆனா, தட்டுல தண்ணி தேங்காம தினமும் கொட்டினாங்க பாருங்க, அது சமணர்கள் சொன்ன கவனத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. கொசு உண்டாகாம பாத்துக்கிட்டா கொல்ல வேண்டிய தேவையே குறையும்.”

தமிழ்நாட்டு மலைகளில் என்ன இருக்கிறது?

வடநாட்டில் தோன்றிய இந்தச் சமயம் தமிழகத்துக்கு எப்படி வந்தது? பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தை முன்னறிந்த பத்திரபாகு முனிவர் துறவிகளோடு தெற்கே வந்தார், சந்திரகுப்த மௌரியரும் உடன் வந்து கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் உயிர்நீத்தார் என்பது சமண மரபு. அங்கே கி.பி. 600 அளவில் பொறித்த கல்வெட்டு ஒன்று பஞ்சத்தையும் துறவிகளின் பயணத்தையும் குறிப்பிடுகிறது. நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டு பிந்திய சான்று என்பதால், தேர்வில் ‘மரபு’ என்றே எழுதுங்கள்.

தமிழகத்திலோ நேரடிச் சான்று பாறையிலேயே இருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் இயற்கைக் குகைகளும், அவற்றுக்குள் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளும் உண்டு. புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் 17 படுக்கைகள். துறவிக்குச் சொந்தமாக ஒரு பாய்கூடக் கிடையாது. படுக்கக் கல் மட்டும். அந்தக் கல்லையும் அவர் செதுக்கவில்லை, ஊரார் செதுக்கிக் கொடுத்தார்கள்.

யார் கொடுத்தார்கள் என்பதுதான் சுவையான செய்தி. மதுரை அருகே மாங்குளத்தில் 1882-இல் ராபர்ட் சிவெல் கண்ட கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கப்படுகின்றன. அவற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும், அவனுடைய அலுவலன் கடலன் வழுதியின் பெயரும், வெள்ளறை ஊரின் வணிகர் குழுவும் வருகின்றன. கரூர் அருகே புகலூரில் சேர அரச குடும்பத்தினர் செங்காயபன் என்ற துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்தனர். அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், வெல்லப்பாகு வணிகர், துணி வணிகர், ஏர்க்கொழு வணிகர் எல்லாரும் கொடையாளிகள்.

ஏர்க்கொழு வணிகரைக் கவனியுங்கள். உழும்போது மண்ணில் புழுக்கள் சாகும் என்று அஞ்சும் துறவிக்கு, கொழு விற்றுப் பிழைத்தவர் படுக்கை அமைக்க உதவியிருக்கிறார்! முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் துறவியும் இல்லறத்தாரும் ஒருவரை ஒருவர் எப்படித் தாங்கினார்கள் என்பதை இந்தக் கல்வெட்டு காட்டுகிறது. தன் தொழிலில் நேரும் ஊறை முழுக்கத் தவிர்க்க முடியாதவர், அதைத் தவிர்த்து வாழும் ஒருவருக்கு இடம் கொடுக்கிறார். அவர் பதிலுக்கு அறம் சொல்கிறார். சமணம் சொல்லும் நான்கு தானங்கள் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி. இந்தக் கொடுக்கல் வாங்கலின் முழு வடிவம் அதில் இருக்கிறது.

இந்த எழுத்துகள் நெடுங்காலம் புதிராக இருந்தன. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இவற்றின் மொழி தமிழ்தான் என்று விளக்கினார். ஐராவதம் மகாதேவன் முழுத் தொகுப்பை 2003-இல் நூலாக வெளியிட்டார். நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றுகளில் ஒரு பெரும் பகுதி, துறவிகளுக்குப் படுக்கை கொடுத்த செய்திதான்.

பள்ளி, ஆசிரியர், மாணாக்கர்

மாங்குளம் கல்வெட்டில் உறைவிடத்தைக் குறிக்கும் சொல் ‘பளிய்’. நம் ‘பள்ளி’தான். பள்ளி என்றால் படுக்கை, படுக்கும் இடம். பிறகு துறவிகள் தங்கும் இடம். துறவிகள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தும் அறமும் சொல்லிக் கொடுத்ததால் கற்கும் இடமும் ‘பள்ளி’ ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. கோயிலில் பள்ளியறை, டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல், காலையில் நீங்கள் ஓடிப் போய்ச் சேரும் உயர்நிலைப் பள்ளி. ஒரு சொல் இத்தனை சமயத்தாருக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

பள்ளி இருந்தால் ஆசிரியரும் இருப்பார். செஞ்சி அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்பவரை அங்குள்ள பழைய கல்வெட்டு ‘ஆசிரிகர்’ என்று குறிக்கிறது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சல்லேகனை எனப்படும் இந்த நோன்பை வகுப்பில் விளக்கும்போது கவனம் தேவை. தீராத நோய், முதுமை போன்ற நிலையில், குருவின் இசைவோடு மேற்கொள்ளும் சமயச் சடங்கு இது; சோகத்தாலோ கோபத்தாலோ உயிரை விடுவதைச் சமணமும் குற்றமாகவே கருதுகிறது. இந்தியாவில் 2015-இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் இதைத் தடுத்தது. சில வாரங்களில் உச்சநீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்தது. விவாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சித்தன்னவாசல் குடைவரையைப் பாண்டியன் சீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். அதன் கூரையில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தில் மீன், யானை, எருமை, பறவை, பூப்பறிக்கும் மனிதர் என எல்லாரும் ஒரே நீரில். ஒன்றை ஒன்று துரத்தவில்லை. கழுகுமலைக் கல்வெட்டுகளில் ‘குரவர்’ என்று ஆண் ஆசிரியர்களும் ‘குரத்தி’ என்று பெண் ஆசிரியர்களும் வருகிறார்கள். வட தமிழகத்து வேடல் என்ற ஊரில் கனகவீரக் குரத்தியாருக்கும் அவருடைய மாணவியருக்கும் ஊரார் பாதுகாப்பும் உணவும் தர ஒப்புக்கொண்டதை 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அடைக்கலமும் உணவும் கொடுத்துக் கல்வியைப் பெற்றார்கள்.

நமக்கு இலக்கணம் கற்றுத்தரும் நன்னூலும் ஒரு சமண முனிவர் எழுதியதுதான். பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணாக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாத ஐயர், சமணக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். தம் சமயம் வேறு என்று அவர் தயங்கவில்லை.

கவுந்தியடிகள் செய்தது சரியா?

சிலப்பதிகாரத்தில் இந்த அறம் நடந்து வருவதைப் பார்க்கலாம். மதுரைக்குப் போகும் வழியில் கவுந்தியடிகள் கோவலனை எச்சரிக்கிறார்: வயல் வரப்பில் கால் தவறினால் நண்டும் நத்தையும் நசுங்கிவிடும் என்று. வெயிலைவிட, களைப்பைவிட, அதுதான் அவருக்குக் கவலை.

அதே கவுந்தி, கண்ணகியை இழிவாகப் பேசிய இருவரை நரிகளாகும்படி சபித்தும் விடுகிறார். கண்ணகியும் கோவலனும் அவர்களுக்காகக் கெஞ்ச, சாபம் பன்னிரண்டு மாதமாகக் குறைகிறது. நத்தைக்கு இரங்கியவர் மனிதர்மேல் சினந்தார். அவமதிக்கப்பட்டவர்களே மன்னிக்கச் சொன்னார்கள். துறவியின் நோன்பு இங்கே தவறியதா? இளங்கோவடிகள் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாலும் மனத்தாலும் செய்வதும் இம்சைதான் என்பதைச் சமணம் வலியுறுத்துவதால், இது நல்ல விவாதக் கேள்வி. இரு குழுவாகப் பிரித்து வாதிடச் சொல்லுங்கள். என் வகுப்பில் மணி அடித்த பிறகும் நிற்கவில்லை.

நம் ஊரில்

சிங்கப்பூரில் சமணர்கள் சிறு சமூகம். பெரும்பாலும் குஜராத்தி வழியினர். ஜாலான் யாசினில் அவர்களுடைய சங்கம் இருக்கிறது. 1949-இல் தொடங்கிய சமயங்களுக்கு இடையிலான அமைப்பில் இடம்பெறும் பத்துச் சமயங்களில் சமணமும் ஒன்று. லிட்டில் இந்தியாவின் வடஇந்தியச் சைவ உணவகங்களில் ‘ஜெயின்’ என்று கேட்டால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமல் சமைத்துத் தருவார்கள். கிழங்கைப் பிடுங்கினால் முழுச் செடியும் சாகும், அதோடு வாழும் நுண்ணுயிர்களும் சாகும் என்பதே காரணம்.

‘சைவ உணவு’ என்ற சொல்லையும் யோசித்துப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் சைவ அடியார்கள் சமணத்தைக் கடுமையாக எதிர்த்தார்கள். அப்பரே முதலில் சமணராக இருந்து திரும்பியவர். கொள்கையில் மோதினாலும், புலால் மறுத்தல் தமிழ்ச் சமயங்களுக்குள் பரவியதில் சமண, பௌத்தச் செல்வாக்கு உண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். வாதத்தில் எதிரெதிரே நின்றவர்களுக்கு இடையிலும் அறம் கைமாறியிருக்கிறது.

எழுதும்போது நினைவில் கொள்க

1. அகிம்சை காந்தியோடு தொடங்கவில்லை. ராய்சந்த்பாய் வழியாகவும் அவருக்கு வந்து சேர்ந்தது.
2. ஐந்து நோன்புகளைப் பட்டியலிட்டால் மட்டும் போதாது. கொல்லாமைக்கும் பற்றின்மைக்கும் உள்ள தொடர்பை ஒரு வரியிலாவது எழுதுங்கள்.
3. பெருநோன்பு, அணுவிரதம் என்ற வேறுபாட்டைக் காட்டுங்கள்.
4. மரபுச் செய்தியையும் கல்வெட்டுச் சான்றையும் பிரித்து எழுதுங்கள்.
5. தமிழகச் சான்றுக்கு மாங்குளம், புகலூர், சித்தன்னவாசல் ஆகிய மூன்றில் ஒன்றையாவது குறிப்பிடுங்கள்.

அந்த மாணவர் இப்போது உயர்நிலை நான்கில் இருக்கிறார். ஆண்டிறுதியில் தேர்வு. தங்கை நலமாக இருக்கிறாள். இந்தக் கட்டுரையின் முதல் படியை அவருக்குத்தான் கொடுக்கப் போகிறேன், ஒரு வருடம் தாமதமானதற்கு மன்னிப்பும் கேட்டு.